பச்சைப் பாறைக்குச் சற்று முன்னால்

படகுத்துறையில் அவளை ரேடியோ என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். ஏரியின் ஒரு கரையில் சுவர் மாதிரி எழுந்து நிற்கும் நிறப் பாறைகளைச் சுற்றிக் காட்டுகிற படகில் மைக் பிடித்துப் பேசுவது அவள் வேலை. படகை ஓட்டுகிறவர் அவள் கணவர். எத்தனையோ புருஷன் பெண்டாட்டிகள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் காலம் தள்ளுகிறார்கள். இவர்கள் ஒரே படகில் நின்று, அவள் பேச அவர் கேட்க, தலை நரைக்கும்வரை வந்துவிட்டார்கள்.

அவளிடம் ஒரே ஒரு கோளாறு. ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. சாப்பிடும்போதுகூட தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பாள். யார் வீட்டுக்காவது போனால், உட்காருங்க என்று அவர்கள் சொல்லி வாய் மூடுவதற்குள் கிளம்பிவிடுவாள். என் மகன் பெண்டாட்டி கட்டிக்கொண்டு வரவில்லை, காற்றாடி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்று மாமியார் உயிரோடு இருந்தவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

படகில் முதலில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கத்தான் சேர்ந்தாள். மைக்கில் பேசிக்கொண்டிருந்த மனிதர் ஒரு நாள் தொண்டை கட்டி வரவில்லை. படகு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், முதலாளி தலையைப் பிய்த்துக்கொண்டு நிற்கிறார். கொண்டாங்க இப்படி என்று இவள் மைக்கை வாங்கினாள். வாங்கியது வாங்கியதுதான். அந்த மனிதர் தொண்டை சரியாகித் திரும்பி வந்தபோது அவருக்கு டிக்கெட் கிழிக்கிற வேலைதான் மிச்சமிருந்தது.

பாறைகளைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னால் அரைப் பக்கத்தைத் தாண்டாது. பாறைக்குள்ளிருந்து நீர் கசிகிறது. வருகிற வழியில் இரும்பைக் கரைத்துக்கொண்டு வந்தால் சுவர் சிவக்கிறது. செம்பைக் கரைத்துக்கொண்டு வந்தால் பச்சை. சுண்ணாம்பு என்றால் வெள்ளை. இதைக் கேட்டு யார் கைதட்டப்போகிறார்கள்? அவள் தன் கைச்சரக்கையும் சேர்த்தாள். சிவப்புச் சுவர் வந்ததும், இது எங்க வீட்டுக்காரர் கோபம், மேலே மட்டும்தான் சிவப்பு, சுரண்டினால் உள்ளே வெறும் மண் என்பாள். ஆட்கள் எல்லாரும் திரும்பி ஓட்டுகிறவரைப் பார்ப்பார்கள். அவர் முன்னால் பார்த்தபடியே சிரிப்பார். வெள்ளைக் கசிவுக்கு ஒரு மாமியார் கதை, மஞ்சள் வரிக்கு ஒரு கல்யாணக் கதை. படகு மெதுவாகப் போகிற நாளில் கதை ஒன்று கூடும்; வேகமாகப் போகிற நாளில் ஒன்று குறையும். எப்படியானாலும் பாறை எதிரே வருவதும் அவள் வாயில் அது வருவதும் இம்மி பிசகாது. பார்த்துப் பார்த்துத்தானே பேசுகிறாள்.

அந்த வழியில் கெட்ட இடம் ஒன்றே ஒன்றுதான். சிவப்புச் சுவர் முடிந்து பச்சைப் பாறை தொடங்குவதற்குள், தண்ணீருக்கடியில் கூர்கூரான கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன. பல்வரிசை என்று படகுக்காரர்கள் சொல்வார்கள். சிவப்பு முடிந்ததும் படகு சுவரை விட்டு விலகி, ஏரிக்குள் பெரிதாக ஒரு வளைவு போட்டு, பல்வரிசையைத் தாண்டியபிறகுதான் பச்சைக்கு நேராக உள்ளே திரும்ப வேண்டும். பச்சையை மட்டும் கிட்டே கொண்டுபோய்க் காட்டுவது அந்தப் படகின் வழக்கம்; ஆட்கள் கையை நீட்டித் தொட்டுப் பார்க்கலாம். இதோ பச்சைப் பாறை, எல்லாரும் உட்கார்ந்தபடியே வலது பக்கம் பாருங்க என்று அவள் சொல்வாள், படகு உள்ளே திரும்பும். அவள் கணவர் அந்த இடத்தில் ஒரு நாளும் தப்பு செய்ததில்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் ஓட்டுவார் என்று முதலாளி ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது அவளுக்குச் சலித்துவிட்டது. படகுதான் நகர்கிறது, நான் ஒரே இடத்தில் நிற்கிறேன் என்று தோன்றத் தொடங்கியது. அதே சிவப்பு, அதே பச்சை, அதே இடத்தில் அதே சிரிப்பு. ஒரு காலையில் வீட்டில் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, இப்ப இடது பக்கம் பாருங்க என்று சொல்லிவிட்டாள். இடது பக்கம் குப்பைக்கூடை இருந்தது. சிரித்திருக்கலாம், அவளுக்கு அழுகை வந்தது. அன்றைக்கே தங்கையைப் போனில் பிடித்து, எனக்குப் பைத்தியம் பிடிப்பதற்குள் கரையில் ஒரு வேலை பார்த்துக் கொடு என்று நச்சரிக்க ஆரம்பித்தாள்.

தங்கை பேருந்து நிலையத்தில் துப்புரவு வேலைக்கு மேற்பார்வை. அறிவிப்பு அறையில் ஆள் தேவை என்று காதில் விழுந்ததும் அக்காவை இழுத்துக்கொண்டு போனாள். மூன்று பக்கமும் கண்ணாடி, சுழல்கிற நாற்காலி, எதிரே ஒரு மைக். பார்த்ததும் அவளுக்கு அந்த இடத்தை விட்டு வர மனமில்லை. ஒரு வண்டி வருகிறது, ஒரு வண்டி போகிறது, ஒன்று தாமதம், இன்னொன்று ரத்து, யாரோ பையை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியாத ஒரு வேலை. கொஞ்சம் பேசிக் காட்டச் சொன்னார்கள். பேசினாள். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து மூச்சிரைக்க அதைச் சொன்னபோது, அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு அவர் காலடியிலேயே கிடந்தது. அவள் அதைக் காலால் தள்ளிவிட்டபடி, என்ன, பேசாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். நல்லதுதானே என்றார். அவ்வளவுதான். மறுநாள், போய்த்தான் ஆகணுமா என்று கேட்டார். அதற்கு மறுநாள், அந்த அறையில் காற்று வருமா, உனக்கு மூச்சு முட்டுமே என்றார். என்னங்க, என்னைப் பொட்டிக்குள்ள போட்டு அனுப்பறாங்களா என்று அவள் சீறியதும் வாயை மூடிக்கொண்டார்.

முதலாளிக்கு அவள் போவதில் வருத்தம் இருந்தாலும் பெரிய கவலை இல்லை. பளிச்சென்று பேசுகிற இளம் பெண்ணாகப் பார்த்துப் போட்டுவிடலாம் என்று இருந்தார். அங்கேதான் அவள் கணவர் குறுக்கே விழுந்தார். வாழ்நாளில் முதலாளி சொன்னதற்கு மறுபேச்சுப் பேசாத மனிதர், புது ஆள் யாரும் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். இந்தச் செய்தியை அவளிடம் கொண்டுவந்து சேர்த்தது படகில் கயிறு கட்டுகிறவர். அவர் இவள் கணவரை அண்ணன் என்பார், இவளை அண்ணி என்பார், இரண்டு பேரையும் சமமாகக் கிண்டல் செய்வார்.

“அண்ணன் என்ன சொன்னாருன்னு தெரியுமா அண்ணி? அவ குரல் இல்லாம எனக்குக் கை ஓடாதுன்னாரு, முதலாளி மூஞ்சிக்கு நேரா.”

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. போடா வேலையைப் பார்த்துக்கிட்டு என்று துரத்தினாள். ஆனால் இரண்டு நாள் அந்த ஒரு வாக்கியத்தையே மென்றுகொண்டிருந்தாள். யோசித்துப் பார்த்தால், கொஞ்ச காலமாகவே அவர் ஆளே மாறித்தான் போயிருந்தார். முன்பெல்லாம் சைக்கிளில் முன்னால் போய்விடுவார், இவள் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போவாள். இப்போது சைக்கிளைத் தொடுவதில்லை. இவள் தோளில் கை போட்டபடி கூடவே நடந்து வருகிறார். புது மாப்பிள்ளை வராரு, வழி விடுங்க என்று படகுத்துறையில் கேலி செய்வார்கள். செய்தித்தாளைக்கூட அவர் கையில் எடுப்பதில்லை. நீ படி, உன் வாயால் கேட்டால்தான் செய்தி மாதிரி இருக்கு என்பார். இந்த வயதில் இதென்ன கூத்து என்று அலுத்துக்கொண்டே அவள் படிப்பாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். அதை எதற்கு மறைக்க வேண்டும்?

கடைசியில் முதலாளிதான் ஒரு வழி கண்டுபிடித்தார். அவள் பேச்சையே பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டுவிடலாம், குரலும் அதே குரல், கதையும் அதே கதை என்றார். ஓட்டுகிறவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவ குரல்னா சரி என்றார்.

பதிவு, முதலாளியின் அலுவலக அறையில். சத்தம் கேட்கும் என்று மின்விசிறியை நிறுத்தினார்கள். ஜன்னலைச் சாத்தித் திரை போட்டார்கள். நாற்காலி கிறீச்சிடுகிறது, அசையாதீர்கள் என்றார்கள். அவளை அசையாதே என்று சொல்வதும் மூச்சு விடாதே என்று சொல்வதும் ஒன்றுதான். எதிரே பாறை இல்லை, தண்ணீர் இல்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் மட்டும் இருந்தது. சிவப்பு என்றாள், சுவரைப் பார்த்தாள். பச்சை என்றாள், அதே சுவரைப் பார்த்தாள். வேர்த்து ஊற்றியது. எழுந்து வெளியே ஓடினால் போதும் என்றிருந்தது. ஒரே மூச்சில் கடகடவென்று சொல்லி முடித்துவிட்டாள். போட்டுக் கேட்ட முதலாளி, பிரமாதம் என்றார். அலுவலக அறையில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு அது பிரமாதம்தான்.

அவள் வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, பதிவை வைத்து முதல் நடை. பேசாமல் பயணிகளோடு உட்கார்ந்து, எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று முதலாளி அவளைப் பின்வரிசை பெஞ்சில் உட்காரவைத்தார். கயிறு கட்டுகிறவர் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கருவியில் பொத்தானை அமுக்கினார். வணக்கம், வாங்க வாங்க என்று ஸ்பீக்கரிலிருந்து அவள் குரல் வந்தது. நம் குரலை நாமே கேட்பது இருக்கிறதே, அதைவிட அவஸ்தை வேறில்லை. இப்படியா பேசுகிறேன், தகரத்தைத் தட்டுகிற மாதிரி என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. மடியில் வைத்தாள், பெஞ்சைப் பிடித்தாள், முந்தானையை முறுக்கினாள்.

அன்று எதிர்க்காற்று. படகு முக்கி முனகிக்கொண்டு போனது. குரலுக்கு ஏது எதிர்க்காற்று? அது பாட்டுக்குப் போயிற்று. சிவப்புச் சுவரில் பாதிகூடத் தாண்டாதபோதே வீட்டுக்காரர் கோபத்தைச் சொல்லி முடித்து, சிவப்பு முடிஞ்சுது, இப்ப ஏரிக்குள்ள ஒரு சுத்து சுத்தலாம் என்றது. ஆட்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. படகு அந்த இடத்திலேயே சுவரை விட்டு விலகியது. காற்றுக்காக விலகுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். குரல் முந்துகிறது, முதலாளியிடம் சொல்லித் திரும்பப் பதிவு செய்ய வேண்டும், மறுபடி அந்த அறைக்குள் போக வேண்டுமே என்பதுதான் அவளுக்கு அப்போது பெரிய கவலை.

இதோ பச்சைப் பாறை என்றது குரல். எல்லாரும் உட்கார்ந்தபடியே வலது பக்கம் பாருங்க.

முன் பெஞ்சில் கேமராவோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் திரும்பினாள். “பச்சைன்னு சொல்றாங்களே, எங்கேங்க பச்சை? எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

அவள் எட்டிப் பார்த்தாள். பச்சை தூரத்தில் இருந்தது. எதிரே இருந்தது சிவப்புச் சுவரின் வால். படகின் மூக்கு அதை நோக்கி உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. முன்னால் தண்ணீர் நீலம் போய்ப் பழுப்பாக இருந்தது. அடியில் பல்வரிசைக் கல் இருந்தால்தான் தண்ணீர் அந்த நிறத்தில் தெரியும்.

பெஞ்சுகளுக்கு நடுவே யார் காலை மிதித்தோம் என்று பார்க்காமல் ஓடினாள். வெளியே வெட்டுங்க, வெளியே என்று அவள் போட்ட சத்தத்தில் படகே அதிர்ந்தது. அந்தச் சத்தம் கேட்ட அதே நொடியில் அவர் கை ஸ்டியரிங்கைச் சுழற்றியது. படகு ஒருபக்கம் சாய்ந்தது, பைகள் உருண்டன, அடியில் எதுவோ கரகரவென்று நீளமாக உரசியது. யாரோ கடவுளைக் கூப்பிட்டார்கள். கயிறு கட்டுகிறவர் கழியை எடுத்துக் கல்லில் ஊன்றித் தள்ளினார். அப்புறம் படகு நிமிர்ந்து, பழுப்பைவிட்டு நீலத்துக்கு வந்தது. ஸ்பீக்கரில் அவள் குரல் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி, கையை நீட்டித் தொட்டுப் பாருங்க என்று கொஞ்சிக்கொண்டிருந்தது. அவள் ஒயரைப் பிடித்துப் பிடுங்கினாள்.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பார்வை அவள் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ போய் நின்றது.

“நீதானே சொன்னே,” என்றார் மெதுவாக. “பச்சை வந்துருச்சுன்னு நீதானே சொன்னே.”

 செருப்பு, சைக்கிள், செய்தித்தாள், தோளில் போட்ட கை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எதிரே என்ன தெரிகிறது என்று அவர் காதோடு கேட்டாள். வெளிச்சம் தெரிகிறது, அதில் ஒரு ஓரமாகக் கறுப்பு, அதுதான் சுவர் என்று நினைக்கிறேன் என்றார். எத்தனை நாளாக என்றாள்.  அதற்குள் காற்று படகைத் திரும்பவும் பழுப்புப் பக்கமாக மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தது. ஓட்டத் தெரிந்த வேறு ஆள் படகில் கிடையாது.

“ஆளுங்க இருக்காங்க,” என்றார் அவர். “நீ பேசு. நான் திருப்பறேன்.”

அவள் மைக்கை எடுத்தாள். குரல் நடுங்கவில்லை, தொழில் பழக்கம். பயந்துட்டீங்களா, பாறை நம்மகிட்ட கொஞ்சம் விளையாடிப் பார்த்தது, இன்னிக்குக் காத்து சரியில்லை, திரும்பிப் போகலாம் என்று ஆரம்பித்தாள். இப்ப நம்ம படகு நல்லா ஏரிப்பக்கம் விலகுது பாருங்க என்றாள்; படகு விலகியது. இன்னும் கொஞ்சம் என்றாள். இன்னும் கொஞ்சம் விலகியது. இப்ப நேரே போகுது, சிவப்புச் சுவர் இடது பக்கம் வருது, கிட்டே போக வேண்டாம், தூரத்திலிருந்து பார்த்தால்தான் அழகு என்றாள். ஆட்கள் மறுபடி சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கேமராக்காரம்மாள் படம் எடுத்தாள்.

அவள் சுவரையும் பார்த்தாள், அவர் கையையும் பார்த்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் கை அசைந்தது. நேரே என்றால் நின்றது, விலகு என்றால் விலகியது. இத்தனை காலம் அவள் அவருக்கு முதுகைக் காட்டி நின்று பேசியதால் இதைப் பார்த்ததே இல்லை. முதலில் பயமாக இருந்தது. சுவர் பின்னால் போனதும் பயம் போய்க் கோபம் வந்தது, அப்படி ஒரு கோபம். இத்தனை உயிர்களை ஏற்றிக்கொண்டு, என்னிடமும் சொல்லாமல், என் பேச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாரே. அப்புறம் கோபத்துக்கு அடியிலிருந்து இன்னொன்று வந்தது. அதுதான் அவளைக் கொன்றது. நான் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிறார் என்று நினைத்தேனே. எங்கே திரும்புவது என்று தெரியத்தானா கேட்டார்?

துறை நெருங்கியதும் கயிறு கட்டுகிறவர் வழக்கம்போல முனையில் நின்று, இன்னும் வரலாம், இன்னும் கொஞ்சம், போதும் என்று குரல் கொடுத்தார். படகு பூப்போல வந்து ஒட்டியது. நேரில் பேசினதுதான் நல்லா இருந்துச்சு அக்கா என்று இறங்கும்போது யாரோ சொன்னார்கள். அவள் தலையை ஆட்டினாள்.

முதலாளி சிரித்தபடி வந்தார். படகின் அடியில் நீளமாக இருந்த கீறலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவள் சுற்றி வளைக்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. இவருக்குக் கண் தெரியவில்லை, இத்தனை நாள் என் பேச்சைக் கேட்டுத்தான் திருப்பியிருக்கிறார் என்று பட்டென்று உடைத்துவிட்டாள். கயிறு கட்டுகிறவர் கையிலிருந்த கயிறு நழுவித் தண்ணீரில் விழுந்தது.

முதலாளி கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிற நேரம், இந்தப் படகை இந்த வழியில் ஓட்ட இவரை விட்டால் ஆள் கிடையாது, அவருக்கும் தவிப்பு.

“இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையேம்மா. நீ பேசினப்ப ஒரு நாளாவது உரசுச்சா? பஸ் ஸ்டாண்டை விட்டுடு. பழையபடி ரெண்டு பேரும் ஏறிக்குங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

அவள் கணவர் முகம் அவள் இருந்த பக்கம் திரும்பியது.  அந்த முகத்தில் அத்தனை ஆசை இருந்தது. அவளைக் கட்டிக்கொண்ட நாளில்கூட அவர் முகத்தில் அவ்வளவு ஆசையை அவள் பார்த்ததில்லை. படகைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது. அதை விட்டால் நாளைக்குக் காலையில் எழுந்து எங்கே போவார்? ஒரு வார்த்தை, சரி என்று ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும். கண்ணாடி அறை போகும், போகட்டும், அந்த நேரத்தில் அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. சரி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“எனக்கு ஒரு இருமல் வந்தாப் போதும் முதலாளி,” என்றாள். “தொண்டையில ஒரு கொசு போனாப் போதும். அத்தனை பேரும் தண்ணிக்குள்ள.”

 அவள் கணவரிடம் போய்ச் சாவியைக் கொடுங்க என்று கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. சட்டைப்பைக்குள் கையை விட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளும் நீட்டிய கையை எடுக்கவில்லை. பிடுங்கியிருக்கலாம், அவர் தடுத்திருக்கவும் மாட்டார். ஆனால் அவளுக்கு மனம் வரவில்லை. கடைசியில் அவரே எடுத்து, அவள் கை எங்கே என்று தடவிப் பார்த்து, அதில் வைத்தார். அவள் அதை முதலாளியிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, நாளைக்கே ஒரு நல்ல கண் டாக்டரிடம் காட்டு என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

துறையிலிருந்து வீட்டுக்குப் போகிற சாலையில் அவர் அவள் தோளில் கை போடவில்லை. கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே தனியாக நடந்தார். சுவர் முடிந்த இடத்தில் நின்றார். அவளும் நின்றாள். என் வேலையைப் பறிச்சிட்டே என்று அவர் சொல்வார், சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. அவளால்தான் பொறுக்க முடியவில்லை. நடுச்சாலையில் நின்றுகொண்டு கேட்டேவிட்டாள்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லிடுங்க. நான் பேசினதை எல்லாம் திருப்பறதுக்குத்தான் கேட்டீங்களா?”

 ஒரு லாரி சத்தத்தோடு கடந்து போனது. அது போகட்டும் என்று இருந்தார்.

“கண்ணு மங்க ஆரம்பிச்சப்பவே சாவியைக் குடுத்துடணும்னுதான் நினைச்சேன். மறுநாள் ஏறினேன், நீ பேச ஆரம்பிச்சே. அடுத்து நீ என்ன சொல்லப்போறேன்னு எனக்கு முழுசாத் தெரிஞ்சுது. அதான் துணிஞ்சுட்டேன்.” சுவரின் முனையைத் தடவினார். “அத்தனையும் மனப்பாடம் ஆகற அளவுக்கு அதுக்கு முன்னாடியே கேட்டிருக்கேன். அப்பல்லாம் கண்ணு நல்லாத்தானே இருந்துது. சும்மாதான் கேட்டேன். நீ பேசறது எனக்குப் பிடிச்சுது.”

அவள் அழுதாள். சாலையோரம் பேருந்துக்குக் காத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நன்றாகவே அழுதாள்.